கழுத்துக்குளவி இறங்கின கை

தகர அடுப்பின் நடுவில் காலிப் பாட்டிலை நிறுத்தி, அடி ஓட்டையில் கம்பைச் சொருகி, சாக்கிலிருந்து மரத்தூளை அள்ளி அள்ளிப் பாட்டிலைச் சுற்றிப் போட்டு இடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள் முப்பிடாதி. வலது கை தூளை அள்ளிப் போடும், இடது கையை உலக்கை மாதிரி தோளிலிருந்து தூக்கி இறக்குவாள், அந்தக் கைக்குத் தூளின் ஈரமும் தெரியாது, தகரத்தின் விளிம்பு கீறினாலும் தெரியாது, பிள்ளை பிறந்த நாளிலிருந்து தோளுக்குக் கீழே அது அப்படித்தான் கிடந்தது, அவளுடைய கைதான், ஆனாலும் யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன சாமான் மாதிரி.

செங்கோட்டையைத் தாண்டி மலைக்குப் போகிற ரோட்டில் மர மில்லுக்குப் பின்னால் இருக்கிற வளவுதான் அவளுக்கு வீடு. அங்கே எல்லார் வீட்டிலும் மரத்தூள் அடுப்புதான், எல்லார் சோற்றிலும் கொஞ்சம் தூள் இருக்கும், எல்லார் இருமலிலும் கொஞ்சம் இருக்கும். அவள் புருஷன் ஆவுடையப்பன் மில்லில் ரம்பத்துக்கு மரம் தள்ளுகிறவன். பிள்ளையின் பெயர் நிதர்சனா. டவுனிலிருந்து யாரோ சொன்ன பெயர் அது, வளவில் ஒருத்தருக்கும் வாயில் நுழையாமல் நிச்சு ஆகிவிட்டது.

கை மரத்துப்போச்சு என்று முப்பிடாதி ஆஸ்பத்திரி நர்சிடம் சொன்னாள், மரத்துப்போச்சு என்று புருஷனிடம் சொன்னாள், பால் கொடுக்கும்போது பிள்ளையை வாங்கிப் பிடிக்க வருகிற பக்கத்து வீட்டுப் பாத்துமுத்தக்காவிடமும் சொன்னாள். எல்லாரும் குளுக்கோஸ் ஏற்றினதில் அப்படி இருக்கும், தலைப்பிள்ளைக்காரிக்கு அப்படித்தான் இருக்கும், நாள்போக்கில் சரியாகும் என்றார்கள். மரத்துப்போனது கை மட்டும் இல்லை என்பதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும்போது அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்க்கிற மாதிரிதான் அவளுக்குப் பார்க்க வந்தது, நல்ல குட்டி, யாருடையதோ. அதைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை, இருந்திருந்தாலும் வெட்கம் விட்டிருக்காது, ஆகவே கையை மட்டும் சொன்னாள், கையையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தக் காலையில், அவள் தூளை இடித்துக்கொண்டிருக்கும்போதே, வாசல் வழியாக ஒரு குளவி வந்தது. மலையிலிருந்து வெட்டின மரத்தடி இறங்குகிற நாட்களில் மில்லைச் சுற்றி என்னென்னவோ பூச்சிகள் பறக்கும், அதெல்லாம் தடிக்குத்தான் போகும். இது தடிக்குப் போகவில்லை. விரல் நீளத்துக்குக் கருப்பாக, உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை போட்டு, தலைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு கழுத்தோடு, பின்னால் ஊசியோடு வந்து அவளுடைய இடது கையில் இறங்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மீசையால் தட்டித் தட்டி நடந்தது, சந்தையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் நடக்கிற மாதிரி. பிறகு ஓரிடத்தில் நின்று, இடுப்பை உயர்த்தி, ஊசியை நட்டுக்குத்தலாக இறக்கியது. முப்பிடாதி பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கவில்லை. வலது கைக்கு வேலை இருந்ததால் அடிக்கவும் இல்லை. பாட்டிலைத் திருகி உருவினாள், தூளுக்கு நடுவில் சுத்தமான ஒரு பொந்து நின்றது, கம்பை உருவிவிட்டுத் தீயை வைத்தாள், உலையை ஏற்றினாள், அரிசி களைந்து போட்டாள், சோறு பொங்கி வழிகிற வரைக்கும் குளவி அதே இடத்தில்தான் நின்றது, அதற்குப் பிறகு பார்த்தால் ஊசியை உருவ மாட்டாமல் நின்ற நிலையிலேயே செத்திருந்தது.

தீக்கங்கு வாங்க வந்த பாத்துமுத்தக்காதான் முதலில் பார்த்தாள்.

"ஏட்டி முப்பி, கையில என்ன அது, ஊக்கு குத்திக் கிடக்கு?"

"குளவி, யக்கா."

"குளவியா? கொட்டிட்டா?"

"கொட்டல. முட்டை போட்டிருக்கும் போல."

"கையிலயா?"

"மரத்துப்போச்சுன்னு சொன்னேம்லா."

பாத்துமுத்தக்கா குனிந்து பார்த்தாள். "அதான பாத்தேன்," என்றாள். "மரத்துப்போச்சு மரத்துப்போச்சுன்னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டே இருந்தா? அதுக்கும் காது இருக்கும்லா, பாவம்." கங்கை எடுத்துக்கொண்டு போனவள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனாள், கங்கு அணைவதற்குள் வளவு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இது பிள்ளை பிறந்த பிறகு வந்திருக்கிறதே, பிந்தி வந்ததா, அடுத்ததுக்கு முந்தி வந்ததா என்று பெண்கள் சிரித்தார்கள். சாயங்காலம் ஆவுடையப்பன் வந்து, கைகால் கழுவி, அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, மடக்கின விரலால் அவள் கையைத் தட்டிப் பார்த்தான். தோளில் தட்டினான், முழங்கையில் தட்டினான். "பொள்ளல் இல்ல," என்றான், நல்ல சேதி சொல்கிற குரலில். "உள்ள கெட்டியாத்தான் இருக்கு புள்ள." அவளுக்கு அவன் விரல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது, டொக் டொக்கென்று, அடுத்த அறையில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.

அதற்குப் பிறகு தட்டாதவர்கள் இல்லை. மரம் அறுத்துப் பிழைக்கிற வளவில் சத்தத்தை வைத்தே மரத்தைச் சொல்கிறவர்கள்தான் எல்லாரும், சும்மா இருப்பார்களா. மில் மேஸ்திரி செம்புலிங்கம் தட்டிவிட்டு வாகை என்றார். லாரியில் மரம் ஏற்றுகிற அயூப் அயனி என்றான். பாத்துமுத்தக்காவின் புருஷன் முப்பிடாதியின் கையிலிருந்து விழுந்த தூளைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்பே இல்லையே, மஞ்சக்கடம்பா இருக்குமோ என்றார். ஏனென்றால் அதற்குள் கையிலிருந்து தூள் விழ ஆரம்பித்திருந்தது, வெளிறின மஞ்சளில், சலித்தெடுத்த மாவு மாதிரி, ஊசி இறங்கின இடத்துக்குப் பக்கத்திலிருந்து நூல் போல இறங்கிக்கொண்டே இருக்கும், அவள் நடந்த இடமெல்லாம் விழும், பிள்ளையின் நெற்றியில் விழும், அதைத் துடைத்துத் துடைத்து நெற்றியில் எப்போதும் ஒரு பொட்டு மாதிரி இருந்தது.

"சந்தனம்னு வச்சுக்கிடுவோம்வே," என்றான் அயூப்.

"வாய மூடுல. சந்தனம்னு காதுல விழுந்தா பாரஸ்ட்டுக்காரன் வந்து ஆவுடை பொண்டாட்டிய ஜீப்புல ஏத்திருவான்," என்றார் மேஸ்திரி.

ஜீப் வரவில்லை. ஆனால் பிள்ளைக்குத் தடுப்பூசி போட பஸ்ஸில் போய்வந்தபோது, வழியில் மரம் சோதிக்கிற இடத்தில் பஸ்ஸில் ஏறின காவலாளி ஒருத்தன் கம்பால் சாக்குகளைத் தட்டிக்கொண்டே வந்து அவள் கையையும் தட்டிவிட்டான், சத்தத்தைக் கேட்டதும் நின்று, மரத்துக்குப் பாஸ் இருக்கா என்று கேட்டான். முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள். "அது அவ கைய்யா," என்று பஸ்ஸிலிருந்த ஒருத்தி சொல்ல, "கைன்னா சொல்ல வேண்டியதுதான," என்று அவன் அடுத்த சாக்குக்குப் போய்விட்டான்.

மில்லுக்கு அடிக்கடி பூச்சி தேடி வருகிற ஒருவர் உண்டு, பாளையங்கோட்டையில் ஒரு காலேஜில் வாத்தியார், ஞானதிரவியம் என்று பேர், பூச்சி சார் என்று சொன்னால்தான் வளவில் தெரியும். பட்டை உரிக்காத தடிகளுக்கு நடுவில் குனிந்து நிற்பார், யாரோடும் நிமிர்ந்து பேச மாட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார் மேஸ்திரி. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முப்பிடாதியின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்து, பூதக்கண்ணாடியை வைத்து அந்தச் செத்த குளவியைப் பார்த்தார், பார்க்கப் பார்க்க அவருடைய காது சிவந்துகொண்டே வந்தது. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

"சார், விஷக் குளவியா?" என்றான் ஆவுடையப்பன்.

"கொட்டவே கொட்டாது. இதுக்கு விஷமும் கிடையாது, இடுப்பும் கிடையாது பாருங்க. மத்த குளவிக்கெல்லாம் இடுப்பு சிறுத்து இருக்கும். இது மேலயும் கீழயும் ஒரே கனம்."

"அப்பம் என் இனம்தான்," என்றாள் பாத்துமுத்தக்கா.

எல்லாரும் சிரித்தார்கள், சாரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், இந்தக் கழுத்துக்குளவி வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே ஒரு தடவை அகப்பட்டிருக்கிறது, அதுவும் இந்த மலையில் கூடாரம் போட்டிருந்த யாரோ ஒருத்தனுடைய லாந்தர் வெளிச்சத்துக்குப் பறந்து வந்தது, எந்த மரத்திலிருந்து வந்தது என்று அவனுக்கும் தெரியாது, அதற்குப் பின்னால் தேடின ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு பூச்சிக்கு அதனுடைய இடம் இன்னதென்று சொல்லவேண்டும் என்றால் அது பிறக்கிற மரத்தைச் சொல்லவேண்டும். இதற்கு ஒன்றுவிட்ட சொந்தத்தில் இரண்டு கிளை இருக்கிறது, ஒரு கிளை பச்சை மரத்தில் மட்டும் முட்டை வைக்கும், இன்னொரு கிளை பட்டுப்போன மரத்தில் மட்டும் வைக்கும், ஒன்று மற்றதைச் செய்யாது. ஊசி நுனியில் இருக்கிற பல்லைப் பார்த்தால் எந்தக் கிளை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லிக்கொண்டே குளவியை இடுக்கியால் பிடித்துப் பதனமாக இழுத்தார், குளவி வந்துவிட்டது, நுனி மட்டும் கைக்குள் ஒடிந்து நின்றுவிட்டது.

"உள்ள இருக்கிற புழு வளர்ந்து குளவியாகி வரட்டும்," என்றார், வருத்தத்தோடு. "வந்தா சொல்லிருவேன். சில சமயம் வருஷக்கணக்கு ஆகும்."

பச்சையா பட்டதா என்கிற பேச்சு அன்றைக்கு அந்த வீட்டுக்குள் வந்தது, அதற்குப் பிறகு போகவில்லை.

ஆவுடையப்பனின் அக்கா கோமு ராஜபாளையத்திலிருந்து வந்தாள். கல்யாணமாகி வெகுகாலம், பிள்ளை இல்லை, தையல் மிஷின் வைத்திருந்தாள், அவள் வந்து இறங்கும்போது கையில் ஒரு தொட்டில் துணியும், நான்கு விதப் பால்புட்டியும், அவளே தைத்த சின்னச் சின்னச் சட்டைகளும் இருந்தன. பிள்ளையை எடுத்து முகர்ந்தாள், நெற்றியில் கிடந்த மரத்தூளைத் தன் முந்தானையால் துடைத்தாள், முப்பிடாதியின் கையைத் தட்டிப் பார்த்தாள், பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏல ஆவுடை, நான் குத்தமா சொல்லல. பட்டுப்போன கையில பிள்ளையக் கிடத்தி வளக்கலாமால? பிள்ளைக்கும் அது ஒட்டிக்கிடாதா? கை சரியாவுற வரைக்கும் எங்கூட இருக்கட்டும். நான் என்ன அன்னியமா?"

"பட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா யக்கா?"

"பாத்தாலே தெரியல? அவ மூஞ்சியப் பாரு, பிள்ள அழுதாலும் அப்படியேதான் இருக்கா, சிரிச்சாலும் அப்படியேதான் இருக்கா."

முப்பிடாதி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மதினி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

ஆவுடையப்பனுக்கு அக்காவையும் மறுத்துப் பேச வராது, பெண்டாட்டியையும் விட்டுக்கொடுக்க வராது, அவன் ரம்பத்துக்கு எதிரே நிற்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தடுமாறுகிறவன். "பூச்சி சார் சொல்லட்டும்," என்றான் கடைசியில். "பட்ட மரத்துக் குளவின்னு சொன்னா நீ தூக்கிட்டுப் போ. பச்சை மரத்துக் குளவின்னா பிள்ள இங்கனயே இருக்கட்டும்." வளவுக்கும் அது நியாயமாகப் பட்டது, சாருக்கும் ஆள் விட்டுச் சொன்னார்கள். முப்பிடாதியை ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், அதற்கு எதிராகச் சொல்ல அவளுக்குள் எதுவும் எழும்பவில்லை.

கோமு ஊருக்குப் போகவில்லை. காத்திருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டினாள், சாம்பிராணி போட்டாள், காலை நீட்டி உட்கார்ந்து ஆட்டினாள், பிள்ளை அவளைப் பார்த்து ஊ ஊ என்று பேச ஆரம்பித்தது. பாலுக்கு மட்டும் முப்பிடாதியிடம் கொண்டுவந்து இடது கையில் படுக்கவைப்பாள், குடித்து முடித்ததும் எடுத்துக்கொள்வாள். எடுத்த பிறகும் முப்பிடாதி கையை அப்படியே மடக்கி வைத்திருப்பாள், எடுத்தது தெரியாமல்.

பிள்ளை குப்புற விழ ஆரம்பித்தபோது கோமுவுக்குப் பொறுமை போய்விட்டது. பூச்சி வருகிறபோது வரட்டும், மரம் அறுக்கிற ஊரில் மரம் பச்சையா பட்டதா என்று பார்க்கவா ஆள் இல்லை என்று கேட்டாள். அது மேஸ்திரிக்குக் கொஞ்சம் ரோஷமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மில் ஓடாத நேரத்தில், அவர் சின்ன உளியும் இழைப்புளியும் கொண்டுவந்தார், ஞானதிரவியம் சாரும் வந்திருந்தார், வளவே கூடியிருந்தது. ஒரு சீவல் சீவினால் போதும், ஈரம் கசிந்தால் பச்சை, பால் வடிந்தால் சந்தேகமே இல்லை, உலர்ந்து சுருண்டு வந்தால் பட்டது. முப்பிடாதி நடு வீட்டில் பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மேஸ்திரி, "தாயே, மன்னிச்சுக்கோ," என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முழங்கைக்குக் கீழே, ஒடிந்த ஊசிக்கு எட்டத்தில், இழைப்புளியை ஒரு தடவை ஓட்டினார்.

வெளுத்த சீவல் ஒன்று சுருண்டு எழுந்து தரையில் விழுந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மேஸ்திரி அதை விரலில் வைத்து நசுக்கினார், அப்பளம் மாதிரி நொறுங்கியது. கையில் சீவின இடம் காய்ந்த பலகை போல வெளேரென்று இருந்தது. ஈரம் இல்லை, பால் இல்லை, இரத்தமும் இல்லை. சார் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்து, பார்க்காமலே கீழே வைத்தார்.

"போதும்," என்றாள் கோமு. சந்தோஷமாகச் சொல்லவில்லை, அவள் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. ஏற்கெனவே கட்டிவைத்திருந்த பையைத் தோளில் மாட்டி, தொட்டிலில் தூங்குகிற பிள்ளையை எடுத்து மார்பில் சாய்த்து, ஆவுடையப்பனின் தலையில் கைவைத்து, வாசல் பக்கம் நடந்தாள். ஆவுடையப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோமுவின் ஒரு கால் வாசப்படிக்கு வெளியே இருந்தது, மற்றக் கால் உள்ளே இருந்தது.

"வலிக்கு," என்றாள் முப்பிடாதி.

அவளுடைய குரல் அத்தனை பேருக்கு நடுவில் கேட்டதே இல்லை என்பதால் யார் பேசினது என்று எல்லாரும் தேடினார்கள்.

"என்னம்மா?" என்றார் சார்.

"வலிக்கு சார்."

"எங்க?"

அவள் நெடுநேரம் யோசித்தாள், கோமு திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிள்ளை அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது. "சீவுன இடத்துல," என்றாள் முப்பிடாதி. அது பொய். சீவின இடத்தில் ஒன்றுமே இல்லை. ஏன் பொய் சொல்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை, அவள் வாய் அவளைக் கேட்காமல் அதைச் செய்துவிட்டது.

"பொய் சொல்லுதா," என்றாள் கோமு.

"எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று பாத்துமுத்தக்கா முன்னால் வந்தாள். "பிள்ளை பெத்து எந்திரிச்ச பச்ச ஒடம்புக்காரி கைய இழைப்புளிய வச்சு இழைச்சிட்டு, பட்ட மரமாம்லா பட்ட மரம்! பச்ச ஒடம்புன்னு எதுக்குச் சொல்லுதோம்? கொள்ளாம்யா உங்க நியாயம்! எந்தப் பட்ட மரமாவது வலிக்குன்னு சொல்லி எவனாவது கேட்டிருக்கியளா?"

கேட்டதில்லை என்று மேஸ்திரி ஒத்துக்கொண்டார். தன் காலத்தில் எத்தனையோ மரம் பார்த்திருக்கிறேன், ஒன்றும் சொன்னதில்லை என்றார். எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். சார் முதல் தடவையாக முப்பிடாதியின் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்து, "வலிக்குதுன்னு சொன்னா உயிர் இருக்குன்னுதான் அர்த்தம்," என்றார். "பச்சைன்னு வச்சுக்கலாம். இப்போதைக்கு." கோமு நின்ற இடத்திலிருந்து திரும்பி வந்து, பிள்ளையை முப்பிடாதியின் இடது கையில் கிடத்திவிட்டு, தொட்டில் துணியை விட்டுவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். காதுகுத்துக்கு வருவேன், அப்பம் சாரு முடிவா சொல்லட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வலிக்கிறது என்று சொல்லிவிட்டதால் வலிக்கிறவள் மாதிரி இருக்கவேண்டி வந்தது. யாராவது கையைத் தொட்டால் ஸ் என்பாள், வளவுப் பெண்கள் அப்படி ஸ் என்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள், பாத்துமுத்தக்கா வேப்பெண்ணெய் கொண்டுவந்து தடவினாள். பிள்ளை தவழத் தொடங்கினபோது ஒருநாள் காலையில், அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் பெண்கள் வரிசையாக நிற்கையில், அவள் கைக்குள்ளிருந்து கறுக் கறுக்கென்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் வந்தது. தூள் கொட்டியது, தோல் ஓரிடத்தில் வட்டமாக மெலிந்தது, உள்ளிருந்து ஒரு மீசை வெளியே வந்து காற்றைத் தடவிப் பார்த்தது. பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கத்தவேண்டிய நேரம் இது என்று முப்பிடாதிக்குத் தெரிந்தது, எப்படிக் கத்துவது என்று தெரியவில்லை, அதனால் பிரசவ வார்டில் கத்தின கத்தலை நினைத்து எடுத்து அதையே கத்தினாள். குளவி கழுத்தை நீட்டி, தோளை வெளியே இழுத்து, ஈர இறக்கையைப் பிரித்துக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டில் நின்றது. அது வந்து முடிந்த பிறகும் அவளால் கத்தலை உடனே நிறுத்த முடியவில்லை, நிறுத்தத் தேடினாள், எங்கே நிறுத்துவது என்று அகப்படவில்லை, இடுப்பில் இருந்த பிள்ளையும் சேர்ந்து கத்தியது, கடைசியில் இரண்டும் ஓய்ந்தன.

சார் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். கண்ணாடிக் குப்பியில் அதைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "ஆண்," என்றார். "இதோட ஆணை இதுவரைக்கும் யாரும் பார்த்ததே கிடையாது." இந்த இனத்தில் ஆணுக்குத் தகப்பன் கிடையாது, தாய் தனியாகவே ஈனுவாள் என்றும் சொன்னார். "இங்கயும் பாதி வீட்டுல அப்படித்தான் சார்," என்றாள் பாத்துமுத்தக்கா. ஆவுடையப்பன்கூடச் சிரித்தான்.

கையில் சுத்தமான வட்டத்தில் ஒரு ஓட்டை நின்றுவிட்டது. கை மரத்தது மரத்தபடிதான் இருந்தது. வளவுக்கு அந்த ஓட்டை பழகிப்போனது, பெண் பிள்ளைகள் அதில் கனகாம்பரக் காம்பைச் சொருகிவிட்டு ஓடுவார்கள், காற்றடிக்கிற நாளில் அது மெதுவாக விசில் அடிக்கும், நிச்சு பால் குடிக்கும்போது அதில் தன் ஆட்காட்டி விரலை விட்டுக்கொண்டுதான் தூங்கும்.

காதுகுத்துக்கு நாள் குறித்து, கோமுவுக்குச் சொல்லி அனுப்பியிருந்த வாரத்தில், ஞானதிரவியம் சார் வந்தார். மேஸ்திரியைக் கூப்பிடவில்லை, மில்லுக்குப் போகவில்லை, நேரே வீட்டு வாசலுக்கு வந்தார். பிள்ளை உள்ளே பாத்துமுத்தக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது, முப்பிடாதி வெளியே படியில் உட்கார்ந்து மாவுக்கு உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டையில் அந்தப் பொத்தானை மாற்றியிருந்தார்.

"நான் அதை நல்லா பார்த்துட்டேன்மா," என்றார் தணிந்த குரலில். "ஆணுக்கு ஊசி கிடையாது, அதனால இறக்கை நரம்பு, கால், தாடை எல்லாம் பார்த்தேன். அது பட்ட மரத்துக் கிளைதான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அப்படித்தான் வருது."

அவள் உளுந்தைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"நீங்க வலிச்சுதுன்னு சொன்னது மட்டும்தான் பச்சைங்கிற பக்கம் இருக்கு. பச்சைன்னு நான் தப்பா எழுதிட்டா, எனக்குப் பின்னால வர்றவன் எல்லாம் ஆயுசுக்கும் பச்சை மரத்துலயே தேடிக்கிட்டிருப்பான், கிடைக்காது. பட்டதுன்னு எழுதினா இந்த வீட்டுல என்ன நடக்கும்னும் எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றதுதான். அன்னைக்கு வலிச்சுதா? நிஜமா?"

முப்பிடாதி உளுந்துத் தண்ணீரை வடித்தாள். தொலி மிதந்து படியோரம் ஓடியது. ஒரு அன்னிய ஆணோடு இத்தனை பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேசினதே இல்லை, ஆனாலும் இவர் கேட்கிற மாதிரி அவளை யாரும் கேட்டதும் இல்லை, பதிலுக்காக இப்படி உட்கார்ந்து காத்திருந்ததும் இல்லை.

"வலிக்கல சார்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"சீவுன இடத்துல ஒண்ணும் இல்ல. குளவி வந்தப்ப கத்துனதும் சும்மாதான். யாருட்டயும் சொல்லிராதீங்க சார்." அவள் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், பிள்ளை கிடக்கிற மாதிரி அது தானாக மடங்கியது. அவள் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா மதினி பிள்ளைய எடுத்துக்கிட்டு ஒரு கால வெளிய வச்சாவல்லா, அப்பம் இதுக்குள்ள வலின்னு சொல்ல மாட்டேன், வலி இல்ல சார், வேற என்னமோ, அதுக்குப் பேரு எனக்குத் தெரியல, இங்கன, இந்த மடிப்புல, பிள்ள இல்லாத இடம் மட்டும்—"

"ஏ முப்பி! இவ முழிச்சிட்டா, உன்னத்தான் தேடுதா, ஓடியாட்டி!" என்று உள்ளிருந்து பாத்துமுத்தக்கா கூப்பிட்டாள், அதற்கு மேலே பிள்ளையின் அழுகை கேட்டது, அவள் உளுந்துச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு, இந்தா வாரேன் சார் என்று சொன்னாளோ இல்லையோ, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, இடது கை அவளுக்கு முன்னாலேயே பிள்ளையின் சத்தம் வந்த பக்கம் நீண்டிருந்தது.